நள்ளிரவில் நியூஸ்டாக் ஸெட்பி: கேட்பவர்கள், பேசியவர்கள் வாருங்கள்

இரவுப்பணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டனீடினில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறேன். நியூசிலாந்து வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம்.

இரவு 11 மணிக்கு வேலை ஏறினால் காலை 7 வரை. நடையில் ஒரு விளக்கு மட்டும் எரியும். அறை அறையாகப் போய்ப் பார்த்து வரும்போது முக்கால்வாசி அறைகளில் ஒரே குரல்தான் மெல்லக் கேட்டுக்கொண்டிருக்கும். நியூஸ்டாக் ஸெட்பி, செய்தியும் நேயர் பேச்சும் போடும் இந்த ஊர் வானொலி. தலையணைக்குப் பக்கத்தில் சின்ன டிரான்சிஸ்டர், சிலருக்குப் போர்வைக்குள்ளேயே. தூங்கிவிட்டார்களே என்று அணைக்கப் போனால் கண் திறக்காமலே கையை ஆட்டி வேண்டாம் என்பார்கள்.

முதல் மாதம் எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. இவர்கள் உச்சரிப்பு அப்படி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. "டெய்ரி" என்றால் பால் பண்ணை இல்லை, தெருமுனைக் கடை என்று அந்த ரேடியோவில்தான் தெரிந்துகொண்டேன். கடற்கரை ஓரமாக விடுமுறைக்குப் போய்த் தங்கும் சின்ன வீட்டை வடக்கே "பேச்" என்கிறார்கள், நம் தெற்குப் பக்கம் "க்ரிப்" என்கிறார்கள். எது சரி என்று ஒரு இரவு முழுக்க ஆட்கள் போன் போட்டுப் பேசினார்கள். கேட்க அவ்வளவு ஆசையாக இருந்தது.

விஷயம் இதுதான். எனக்கும் ஒரு நாள் போன் போட்டுப் பேச வேண்டும் என்று இருக்கிறது. 0800 80 10 80 என்ற எண் மனப்பாடமே ஆகிவிட்டது. ஆனால் கூட வேலை பார்க்கும் நம்மூர்ப் பெண், "நமக்கு எதுக்கு அக்கா, அது அவங்க ரேடியோ" என்கிறாள். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இங்கே யாராவது பேசியிருக்கிறீர்களா?


பண்பலைப்பிரியன் எழுதியது:

நான் சென்னையில் இருக்கிறேன், இழையைப் படித்ததும் கேட்கத் தோன்றியது. செய்தியும் நேயர் பேச்சும் மட்டுமே 24 மணி நேரமும் ஒரு தனியார் வானொலியா? நம் ஊரில் இது நடக்கவே முடியாது. தனியார் பண்பலைக்குச் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி கிடையாது. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். அதனால்தான் நமக்கு வானொலி என்றால் பாட்டு, நடுவில் ஆர்ஜே கலகலப்பு என்று ஆகிவிட்டது. தெருவில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் நேரலையில் சொல்ல, அமைச்சரைக் கூப்பிட்டு அடுத்த அரை மணியில் பதில் கேட்கும் ஒரு வானொலியை நான் இன்றுவரை தமிழில் கேட்டதில்லை. அங்கே எப்படி நடக்கிறது என்று விவரமாக எழுதுங்களேன்.


ஹட்பள்ளத்தாக்கு எழுதியது:

தங்கச்சி, கட்டாயம் கதையுங்கள். எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த வானொலி எங்கிருந்து வந்தது என்று சொல்ல விடுங்கள், எனக்கு மிகவும் பிடித்த கதை அது.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து 1994-ல் வெலிங்டனுக்கு வந்தவன். பெயரில் உள்ள "ஸெட்பி" என்ன என்று வந்த புதிதில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அது பழைய அழைப்புக் குறி. 1ஸெட்பி ஆக்லாந்து, 2ஸெட்பி வெலிங்டன், 3ஸெட்பி கிறைஸ்ட்சர்ச், 4ஸெட்பி உங்கள் டனீடின். அந்த இலவச எண்ணில் வருகிற 1080 கூட சும்மா வந்ததில்லை, ஆக்லாந்தில் அது ஒலிக்கும் மத்திய அலை 1080 கிலோஹெர்ட்ஸ்.

1930-களில் 1ஸெட்பி-யில் காலின் ஸ்க்ரிம்ஜர் என்ற மெதடிஸ்ட் போதகர் பேசினார். "அங்கிள் ஸ்க்ரிம்" என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். உலகப் பொருளாதார மந்தக் காலம், வேலை இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் தெருவில். அவர்களுக்காகப் பேசியதால் அவருக்குப் பெரிய கூட்டம் சேர்ந்தது. 1935 நவம்பர் 27 பொதுத் தேர்தல். 24-ம் தேதி ஞாயிறு இரவு அவர் தொழிற்கட்சிக்கு ஆதரவாகப் பேசுவார் என்ற பேச்சு இருந்தது. அன்று அவர் வாயைத் திறந்தபோது இரைச்சல்தான் வந்தது. அஞ்சல் தந்தித் துறையே அந்த அலைவரிசையில் இரைச்சலை ஏவி அவர் குரலை மூடிவிட்டது. மூன்று நாளில் தொழிற்கட்சி வென்று, மைக்கேல் சாவேஜ் பிரதமர் ஆனார். அடுத்த ஆண்டு அரசாங்கம் அந்த 1ஸெட்பி-யை விலைக்கு வாங்கி, ஸ்க்ரிம்ஜரையே வணிக ஒலிபரப்புச் சேவைக்குத் தலைவராகப் போட்டது. அதே 1936 மார்ச்சில் நாடாளுமன்றக் கூட்டத்தையும் நேரலையாக வானொலியில் விடத் தொடங்கினார்கள். உலகத்தில் அப்படித் தொடர்ந்து செய்த முதல் நாடு இதுதான்.

ஒரு மனிதனின் குரலை இரைச்சலால் மூடினால் என்ன ஆகும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அதனால்தான் இந்தக் கதை என் மனதில் தங்கிவிட்டது.

பிறகு நீண்ட காலம் பாட்டு, விளம்பரம், வீட்டுக் குறிப்பு என்று போனது. 1987-ல் ஆக்லாந்து நிலையம் பாட்டை விட்டுவிட்டுச் செய்தி, பேச்சு என்று மாறியது. அதுவரை கால் நூற்றாண்டாகக் காலை நிகழ்ச்சி நடத்திய மெர்வ் ஸ்மித் போட்டி நிலையத்துக்குப் போய்விட்டார், நேயர்களும் அவர் பின்னால் போனார்கள். புதிதாக வந்த பால் ஹோம்ஸுக்கு முதலில் பெரிய அடி. ஆனால் நிர்வாகம் பொறுத்திருந்தது. மெல்ல மெல்ல ஏறி முதலிடம் பிடித்து, 2008 கடைசி வரை காலை நேரம் அவருடையதாகவே இருந்தது. அதன் பிறகு மைக் ஹாஸ்கிங். நான் வந்தபோது இது இன்னும் அரசின் சொத்து. 1996-ல் அரசு வானொலியான ஆர்.என்.ஸெட்-இன் வணிகப் பிரிவைத் தனியாருக்கு விற்றார்கள். இப்போது ஹெரால்டு பத்திரிகையை வைத்திருக்கும் என்.ஸெட்.எம்.இ. நிறுவனத்திடம் இருக்கிறது.

சென்னைத் தம்பி கேட்ட ஒழுங்குமுறை: விடிகாலையில் இருந்து 9 வரை செய்தியும் பேட்டியும். 9-ல் இருந்து 12 வரை நேயர் அழைப்பு. வெலிங்டனுக்கும் கிறைஸ்ட்சர்ச்சுக்கும் இந்த 3 மணி நேரம் மட்டும் தனி நிகழ்ச்சி, மற்ற நேரம் நாடு முழுக்க ஒன்றே. மதியமும் அழைப்புகள். 4-ல் இருந்து 7 வரை அலுவலகம் விட்டு வீடு திரும்புவோருக்கான செய்தி. இரவு 8-ல் இருந்து 12 வரை மார்கஸ் லஷ். நள்ளிரவுக்கு மேல் இரவு முழுக்க நேயர்கள்தான்.


வண்டிக்காரன் எழுதியது:

அண்ணா அருமையாக எழுதியிருக்கிறீர்கள். நான் ஆக்லாந்தில் 9 வருடமாக வாடகை வண்டி ஓட்டுகிறேன், 89.4 பண்பலை காதில் இல்லாமல் நாள் ஓடாது. வண்டியில் ஏறுபவரிடம் என்ன பேசுவது என்று ஆரம்பத்தில் தவிப்பேன். காலைச் செய்தியில் வந்ததைத் தொட்டால் போதும், விமான நிலையம் வரை அவரே பேசிக்கொண்டு வருவார்.

எனக்கு உண்மையில் உதவியது ஞாயிறு காலை 6 மணிக்கு வரும் வீடு கட்டுமான நிகழ்ச்சி. பீட்டர் வுல்ஃப்கேம்ப் நடத்துகிறார். நாங்கள் வாங்கிய வீடு பழையது, மரத் தரை, குளிர்காலம் முழுக்கச் சுவரில் பூஞ்சணம். பிள்ளைக்கு இருமல் நிற்கவே இல்லை. ஹீட்டர் போட்டுப் போட்டு மின்கட்டணம் ஏறியதுதான் மிச்சம். ஒரு ஞாயிறு யாரோ ஒரு அம்மா இதே கஷ்டத்தைச் சொல்லிப் போன் செய்தார். ஈரம் கீழே மண்ணில் இருந்தும் ஏறி வரும், தரைக்கு அடியில் தவழ்ந்து போய் மண்மேல் கனமான பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டும் என்று பேச்சு வந்தது. அடுத்த வாரமே நானும் மச்சானும் அடியில் புகுந்து விரித்தோம். அந்தக் குளிர்காலம் வீடு வீடாக இருந்தது. அந்த அம்மா யார் என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்டிராவிட்டால் நானாகக் கேட்டிருக்க மாட்டேன்.

தங்கச்சிக்கு நடைமுறை: எண்ணைப் போட்டதும் நேராகக் காற்றில் போக மாட்டீர்கள். தயாரிப்பாளர் எடுத்து, முதல் பெயர், எந்த ஊர், எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்பார். அதை இரண்டே வாக்கியத்தில் சொல்லத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் காத்திருக்க வைப்பார்கள். சில நேரம் 20 நிமிடம்கூட ஆகும், போனிலேயே நிகழ்ச்சி கேட்கும். மிக முக்கியம், வீட்டில் ரேடியோவை அணைத்துவிடுங்கள். டாக்பேக், அதாவது நேயர் அழைப்பு நிகழ்ச்சி, எப்போதும் சில விநாடி தாமதித்துத்தான் காற்றில் போகும், யாராவது கெட்ட வார்த்தை பேசினால் வெட்டுவதற்காக. ரேடியோ ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் குரலே பின்னால் வந்து உங்களைக் குழப்பிவிடும். போன் பிடிக்காவிட்டால் 9292-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஆனால் குரல் குரல்தான்.


மௌனவாசகி எழுதியது:

நான் பல மாதம் இந்தத் தளத்தில் படிப்பதோடு சரி. இந்த இழைக்காகக் கணக்கு திறந்தேன்.

எல்லோரும் அன்பாக எழுதுகிறீர்கள், ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போகிறது. இதே வானொலியில்தான் 2003 செப்டம்பரில் பால் ஹோம்ஸ் அன்றைய ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னானின் கறுப்பு நிறத்தைச் சொல்லி இழிவாகப் பேசினார். மன்னிப்புக் கேட்டார், அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பணம் தந்த மிட்சுபிஷி விலகிக்கொண்டது, ஆனால் வேலை போகவில்லை. 2018-ல் ஹெதர் டு பிளெஸ்ஸி-ஆலன், அப்போது வெலிங்டன் காலை நிகழ்ச்சி நடத்தியவர், பசிபிக் தீவுகளை நம் மேல் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் அட்டைகள் என்றார். ஒலிபரப்பு நெறிமுறை ஆணையம் அது தவறு என்று தீர்ப்புச் சொல்லி, நிறுவனம் 3,000 டாலர் கட்ட வேண்டும், தீர்ப்பைக் காற்றில் அறிவிக்க வேண்டும் என்றது. 2020-ல் இருந்து அவர்தான் மாலை 4 மணி நிகழ்ச்சி, நாடு முழுக்க.

நான் பள்ளியில் வேலை செய்கிறேன். என் வகுப்பில் சமோவா, டோங்கா பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வாரம் அவர்கள் வீட்டில் அந்த வார்த்தை எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். குடியேறி வந்தவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது நேயர்கள் சிலர் பேசுவதைக் கேட்டு வண்டியை ஓரம் கட்டி நின்றிருக்கிறேன். அந்த நேயர்களைக் கேள்வி கேட்காமல் "நன்றி, அடுத்த அழைப்பு" என்று போகும் தொகுப்பாளர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தங்கச்சி பேசட்டும், ஆனால் எங்கே பேசுகிறோம் என்று தெரிந்து பேசட்டும்.


வண்டிக்காரன் எழுதியது:

அக்கா சொல்வதில் ஒன்றையும் மறுக்க மாட்டேன். என் வண்டியிலும் அதையே கேட்டிருக்கிறேன். ஆனால் ஆட்கள் அப்படி நினைக்கிறார்கள் என்றாவது எனக்குத் தெரிகிறதே. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை.


மௌனவாசகி எழுதியது:

தெரிந்துகொள்வதற்கு நாம் கொடுக்கும் விலை அதிகம் தம்பி. நீங்கள் பெரியவர், தாங்கிக்கொள்வீர்கள். பின் இருக்கையில் பிள்ளை இருந்தால்?


ஹட்பள்ளத்தாக்கு எழுதியது:

பிள்ளை, உங்கள் கோபம் நியாயமானது. ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன், நம்மில் பலருக்கு இது தெரியாது. அந்த 2018 தீர்ப்பு தானாக வரவில்லை. யாரோ உட்கார்ந்து முறைப்பாடு எழுதியதால் வந்தது. ஒலிபரப்பான நாளில் இருந்து 20 வேலை நாட்களுக்குள் முதலில் வானொலிக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணி, என்ன சொன்னார்கள் என்று. பதில் திருப்தி இல்லை என்றால் ஆணையத்துக்குப் போகலாம். ஒரு சதம் கட்டணம் இல்லை. டாக்பேக் என்றால் காரசாரமாகத்தான் இருக்கும் என்று ஆணையம் கொஞ்சம் இடம் கொடுத்துத்தான் பார்க்கும், அதனால் பிடிக்காத கருத்து என்பதற்காக மட்டும் எழுதினால் நிற்காது. ஒரு இனத்தையே இழிவுபடுத்தினார்கள் என்றால் எழுதுங்கள். ஆங்கிலத்துக்கு உதவி வேண்டுமென்றால் இங்கே கேளுங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். பல வருடத்துக்கு முன் வேறொரு நிலையத்துக்கு, பெயர் வேண்டாம், ஒரு பகல் நிகழ்ச்சிக்கு எடுத்துக் கதைத்தேன். எங்கள் நாட்டுச் சண்டை பற்றிய பேச்சு. இரண்டாவது வசனம் முடிவதற்குள் லைன் போய்விட்டது, என் உச்சரிப்பைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார் நடத்தியவர். ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இப்போதும் நினைவிருக்கிறது. மனைவி குசினியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஏழெட்டு வருடம் எந்த வானொலிக்கும் நான் எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தது ஒரு இரவு நேரத்தில்தான். அதனால் தங்கச்சிக்கு என் புத்திமதி ஒன்றே. பகலில் வேண்டாம், இரவில் எடுங்கள். பகலில் நடத்துபவருக்கு ஒரு கருத்து இருக்கிறது, அதற்கு ஆள் தேவை. இரவில் அவருக்கும் துணை தேவை.


கிறைஸ்ட்சர்ச்சான் எழுதியது:

நான் எழுதப் போவது வேறு விஷயம். 2011 பிப்ரவரி 22, மதியம் 12:51. நிலம் ஆடிய அன்று நாங்கள் கிழக்குப் பக்கம் குடியிருந்தோம். 185 பேர் போனார்கள். எங்கள் தெருவில் மண் கரைந்து சேறாக மேலே வந்து முழங்கால் அளவு நின்றது. மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, மொபைலில் அழைப்பு போகவே இல்லை. அன்று இரவு நானும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் அவர் காரில் உட்கார்ந்து கார் ரேடியோவைப் போட்டோம். எந்தப் பள்ளியில் தண்ணீர் லாரி நிற்கிறது, எந்தப் பாலம் மூடியிருக்கிறது, எங்கே படுக்கலாம் என்று எல்லாம் அதில்தான் வந்தது. ஆட்கள் போன் கிடைக்கும்போதெல்லாம் அழைத்து, என் தெருவில் இப்படி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கார் பேட்டரி இறங்கிவிடுமே என்று கால் மணி கேட்டுவிட்டு அணைப்போம், மறுபடி போடுவோம்.

அவசரக் காலத்தில் கேட்கச் சொல்லி அரசாங்கம் கொடுக்கும் வானொலிப் பட்டியலில் ஆர்.என்.ஸெட்-உடன் ஸெட்பி-யும் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயல் அடித்து ஹாக்ஸ் பே பக்கம் மின்சாரமும் மொபைலும் சேர்ந்து போனபோதும் இதே கதைதான். பாட்காஸ்டும் செயலியும் அன்றைக்கு எதற்கும் உதவாது. இந்த இழையைப் படிக்கும் நியூசிலாந்துக்காரர்கள் ஒவ்வொருவரும் பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று வாங்கி வையுங்கள். அதில் மத்திய அலை இருக்க வேண்டும். உங்கள் ஊர் எண்ணை ஒரு தாளில் எழுதிப் பின்னால் ஒட்டுங்கள். ஆக்லாந்து 1080, வெலிங்டன் 1035, கிறைஸ்ட்சர்ச் 1098, டனீடின் 1044. தயவுசெய்து இன்றே செய்யுங்கள்.


மௌனவாசகி எழுதியது:

அண்ணா, படித்ததும் எங்கள் வீட்டு ரேடியோவில் பேட்டரி இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தேன். இல்லை. நாளை வாங்குகிறேன்.

நான் கேட்பது ஆர்.என்.ஸெட். விளம்பரமே இல்லை. 1975-ல் இருந்து வரும் "மார்னிங் ரிப்போர்ட்", 7 மணிச் செய்திக்குச் சற்று முன் ஒரு பறவையின் குரல். அதைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் பிள்ளைகள் டூயி, கோகாகோ என்று பறவைப் பெயர்கள் படித்தார்கள். 2023 நவம்பரில் கிம் ஹில் சனிக்கிழமை நிகழ்ச்சியை விட்டுப் போன அன்று எனக்கு அழுகை வந்தது. அமைச்சரானாலும் எழுத்தாளரானாலும் அப்படித் தயார் செய்துகொண்டு வந்து கேள்வி கேட்ட இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் அங்கே நேயர் குரல் இல்லை. குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அனுப்பினால் வாசிப்பார்கள், நாமே பேச முடியாது. படித்தவர்கள் படித்தவர்களோடு பேசுவதைக் கேட்கலாம். முதியோர் இல்லத்தில் ஏன் ஸெட்பி ஓடுகிறது என்று தங்கச்சி எழுதியதைப் படித்தபோதுதான் இதை யோசித்தேன்.


மட்டையாளன் எழுதியது:

ரேடியோ ஸ்போர்ட் பற்றி யாரும் எழுதவில்லையே. அதே நிறுவனத்தின் நிலையம். 2020 மார்ச் 30, ஊரடங்கு தொடங்கி ஐந்தாம் நாள், மதியம் 1 மணிக்கு நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு கோடையும் டெஸ்ட் போட்டி வர்ணனை அதில்தான். வெலிங்டன் கிரிக்கெட் மைதானமான பேசின் ரிசர்வில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதில் இருந்து யார் வீட்டுக் கேக் வர்ணனை அறைக்கு வந்திருக்கிறது என்பது வரை சொல்வார்கள். வேலை செய்த கிடங்கில் ஐந்து நாளும் ஓடும். நானும் ஒரு பஞ்சாபி நண்பரும் ஒரு மாவோரிப் பெரியவரும் ஒரே ரேடியோவைச் சுற்றி நின்று டீ குடித்தோம். விளையாட்டுப் பேச்சு இப்போது ஸெட்பி-யில் வார இறுதியில் வருகிறது, நல்லவிதமாகவே செய்கிறார்கள். ஆனால் நாள் முழுக்கக் கூடவே இருந்த ஒன்று போனது போனதுதான்.

இந்தத் துறையே அப்படித்தான் ஆகிவிட்டது. எதிர் நிறுவனமான மீடியாவொர்க்ஸ் "டுடே எஃப்எம்" என்று 2022 மார்ச்சில் தொடங்கியது. 2023 மார்ச் 30-ல், நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே மூடிவிட்டது. அதற்கு முன் "மேஜிக் டாக்", அதற்கும் முன் "ரேடியோ லைவ்". நாடு முழுக்க நேயர் பேச்சு என்று எடுத்துக்கொண்டால் இப்போது கிட்டத்தட்ட இந்த ஒன்றுதான் மிச்சம். அதனால்தான் அக்கா எழுதிய குறைகளும் முக்கியம் என்று நினைக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் மாற்றிக் கேட்க இன்னொன்று இல்லையே.


மட்டுறுத்துனர்:

இழை நன்றாகப் போகிறது. அரசியல் கட்சிகளை இழுத்து வந்த இரண்டு பதிவுகளை மட்டும் நீக்கியிருக்கிறேன். 2021-ல் அன்றைய பிரதமர் ஜெசிண்டா ஆர்டெர்ன் ஹாஸ்கிங்குடனான வாராந்திரப் பேட்டியை நிறுத்தியது சரியா தவறா என்ற விவாதத்துக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே எழுதுங்கள்.


இரவுப்பணி எழுதியது:

12 நாள் கழித்து வருகிறேன். எல்லாப் பதிவுகளையும் இரண்டு முறை படித்தேன். ஹட் அண்ணா எழுதிய ரிசீவர் விஷயத்தைப் படித்துவிட்டு, வேண்டாம் என்றே முடிவு செய்திருந்தேன்.

போன செவ்வாய் எனக்கு விடுப்பு. ஆனால் இரவு வேலைக்குப் பழகிய உடம்பு தூங்காது. 2 மணிக்குச் சமையலறையில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்த பழைய ரேடியோப் பெட்டிகள் பற்றிப் பேச்சு ஓடியது. வால்வு சூடாக எத்தனை நிமிடம் ஆகும், மேலே துணி போட்டு மூடி வைப்பது, அப்பா மட்டும்தான் குமிழைத் தொடலாம், இப்படி. கேட்கக் கேட்க எங்கள் தாத்தா வீட்டு மர்ஃபி ரேடியோ கண்ணுக்குள் வந்துவிட்டது. வண்டிக்காரன் அண்ணா சொன்னபடி ரேடியோவை அணைத்தேன், எண்ணைப் போட்டேன். எடுத்தவர் பெயர், ஊர், விஷயம் கேட்டார். சொன்னேன். 15 நிமிடம் காத்திருந்தேன். கை நடுங்கியது, குளிரும் ஒரு காரணம்.

என் முறை வந்ததும் சொன்னேன். எங்கள் ஊர் கடலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இலங்கை. எங்கள் நாட்டு வானொலியைவிட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும், அதனால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் அந்த ஊர் அறிவிப்பாளர்களின் தமிழ்தான் அழகு. ரேடியோ வைத்துக்கொள்ளத் தபால் அலுவலகத்தில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும், பாஸ்புக் மாதிரி ஒன்று, அதில் வருடா வருடம் முத்திரைத்தலை ஒட்டுவார்கள், தாத்தா அதை நிலப் பத்திரத்தோடு வைத்திருந்தார். இவ்வளவும் சொன்னேன். நடுவில் "குமிழ்" என்பதற்கு ஆங்கில வார்த்தை வரவில்லை, நின்றுவிட்டேன். நடத்தியவர் அவசரப்படுத்தவே இல்லை. சுற்றுகிற அது என்று சொன்னேன், புரிந்துகொண்டார். மொத்தம் நான்கு நிமிடம் இருக்கும்.

போனை வைத்துவிட்டு ரேடியோவைப் போட்டேன். அடுத்து வந்தவர் சவுத்லாந்தில் ஒரு பண்ணையில் இருக்கும் பெரியவர். இங்கேயும் அந்த லைசென்ஸ் இருந்தது, தபால் துறைதான் கொடுத்தது, எங்கள் அம்மா அதைக் குடும்ப பைபிளுக்குள் வைத்திருந்தாள் என்றார். அதற்கப்புறம் லைசென்ஸ் கட்டாமல் ரேடியோ ஒளித்து வைத்தவர்கள் கதையாக 4 மணி வரை போனது.


ஹட்பள்ளத்தாக்கு எழுதியது:

தங்கச்சி, இதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். இலங்கை வானொலி பற்றி ஸெட்பி-யில் கதைத்தீர்களா! இருவருக்கும் பேச்சு வரவில்லை. நான் ஞாயிறு இரவு எடுக்கப் போகிறேன். அந்தச் சண்டை பற்றி இல்லை, எங்கள் வீட்டு ரேடியோ பற்றி.


மௌனவாசகி எழுதியது:

மனதுக்கு நிறைவாக இருக்கிறது. அந்த இரவு நிகழ்ச்சியை நான் கேட்பேன். மாலை 4 மணிக்கு மட்டும் பறவைக்காரர்களோடுதான் இருப்பேன், யாரும் வற்புறுத்தாதீர்கள். போன மாதம் கேட்ட ஒன்றுக்கு முறைப்பாடு எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் 6 வேலை நாள் இருக்கிறது. அண்ணா, தனிச் செய்தியில் அனுப்புகிறேன், பார்த்துத் தாருங்கள்.


பண்பலைப்பிரியன் எழுதியது:

அக்கா, உங்கள் இல்லத்தில் யாராவது கேட்டார்களா? அதைச் சொல்லவே இல்லையே.


இரவுப்பணி எழுதியது:

கேட்டார்கள். புதன் இரவு வேலைக்குப் போனபோது, நடையின் கடைசி அறையில் இருக்கும் 91 வயது அம்மா விழித்திருந்தார். அதிகம் பேச மாட்டார், ரேடியோவை அணைக்க விடாமல் கையை ஆட்டுவார் என்று எழுதினேனே, அவர்களில் ஒருவர். போர்வையைச் சரி செய்துகொண்டிருந்தேன். தாத்தா எந்த ஊர் என்று மறுபடி சொல்லு என்றார். சொன்னேன். ராம-நாத-புரம் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை சரியாக வந்தது.